வெங்காயத்தாமரை பூத்த வருஷம்

தோப்புக்குளத்தில் களை வந்துவிடக் கூடாது என்று காலனியே வேண்டிக்கொண்டிருந்தது. பவுனம்மாள் ஒருத்தி மட்டும், வந்து தொலைய மாட்டேன் என்கிறதே என்று ஏங்கிக்கொண்டிருந்தாள். குளத்துச் சங்கத்துக் காரியதரிசியின் கூடப்பிறந்த தங்கை இப்படி நினைக்கலாமா என்றால், கூடாதுதான். மனசு என்ன, சங்கத்தில் தீர்மானம் போட்டுவிட்டா நினைக்கிறது?

புத்தூருக்கு மேற்கே, உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையோரமாக ஒரு மிராசுதாருக்கு மாந்தோப்பு இருந்தது. அதை மனைகளாக வெட்டி விற்றவர், நடுவில் கிடந்த குளத்தை மட்டும் விற்கவில்லை. மனை வாங்கின எல்லாருக்கும் அது பொதுப் பாத்தியம் என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, புண்ணியவான், போய்ச் சேர்ந்துவிட்டார். முனிசிபாலிட்டிக் குழாய் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத காலம் அது. காலனிக்காரர்களுக்குக் குடிக்க, உலை வைக்க, பிள்ளையைக் குளிப்பாட்ட எல்லாவற்றுக்கும் அந்தக் குளத்துத் தண்ணீர்தான். வாய்க்காலிலிருந்து ஒரு கிளை பிரிந்து மதகு வழியாக உள்ளே வரும்.

சங்கம் வைத்ததும் பவுனம்மாளின் அண்ணன் வீரமலையைக் காரியதரிசி ஆக்கினார்கள். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் குமாஸ்தா. தொட்டியத்து வாழைக்கொல்லையைப் பங்காளிகளிடம் விட்டுவிட்டு வந்தவர். ஆபீசில் அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை போலிருக்கிறது. அதையெல்லாம் சேர்த்துவைத்துக் குளத்தில் கொட்டினார். கரையில் பலகை நட்டார். குளிக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, மாடு இறக்கக் கூடாது, தூண்டில் போடக் கூடாது. கரையில் நின்று மூச்சு விடலாமா என்று யாரோ கேட்டதற்கு, காற்று குளத்துப் பக்கம் அடிக்காதபோது விடலாம் என்று நிஜமாகவே பதில் சொன்னார். குளமும் கண்ணாடியாக இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது.

பவுனம்மாளுக்குக் கல்யாணமான மறுவருஷமே புருஷன் விஷக் காய்ச்சலில் போய்விட்டான். அண்ணன் போய் அழைத்து வந்தார். அண்ணி வெள்ளையம்மாள் கெட்டவள் இல்லை. சோறு போடுவதில் குறை வைத்ததில்லை. ஆனால் அந்த வீட்டில் குழம்புக்குப் புளி எவ்வளவு கரைக்கலாம் என்பதைக்கூட யாரும் பவுனம்மாளிடம் கேட்டதில்லை. செய் என்பார்கள், செய்வாள். முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் வெங்காயத்தாமரை வந்தது. வாய்க்காலில் மிதந்து மதகு வழியே புகுந்து, ஒரு மூலையில் பச்சையாக ஒட்டிக்கொண்டது. வீரமலை துடித்துப்போனார். ஆள் இறங்கினால் சேறு கலங்கும், குடிக்கிற தண்ணீர் பாழாகும். அவருக்குச் சொந்த ஊர் ஞாபகம் வந்தது. தொட்டியம் படித்துறையில் பரிசல் ஓட்டுகிற மருதைக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டார்.

மருதை பரிசலிலேயே வந்து சேர்ந்தான். காவேரியைக் குறுக்கே கடந்து, பேட்டைவாய்த்தலையில் வாய்க்காலுக்குள் இறக்கி, தண்ணீர் போகிற போக்கில் மிதந்து காலனி வரைக்கும். பரிசல் ஓட்டுகிறவனுக்கு பஸ் எதற்கு? முரட்டு உடம்பு, மெதுவான பேச்சு. மனைவி, குடும்பம் என்று இன்னும் அமையவில்லை. தங்கைகளைக் கட்டிக்கொடுத்து முடிக்கவே வயசு ஆகிவிட்டது. பவுனம்மாள் கரைக்குச் சோறு கொண்டுபோனாள். அவன் குளத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்து அவளிடம் கேட்டான், எந்தப் பக்கம் முதலில் எடுக்கட்டும் என்று.

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. தன்னைத்தான் கேட்கிறான். கிழக்கு மூலையைக் காட்டினாள். அவனும் கிழக்கு மூலையிலிருந்தே ஆரம்பித்தான். மூங்கில் நுனியில் அரிவாளைக் கட்டிக் கொத்துக் கொத்தாக இழுத்துப் பரிசலில் போட்டு, கரையில் கவிழ்த்துவிட்டு, மறுபடி போவான். நாலைந்து நாளில் வேலை முடிந்துவிட்டது. பவுனம்மாளுக்குத்தான் ஒன்று ஆரம்பமாகிவிட்டது.

அடுத்த வருஷமும் களை வந்தது, அவனும் வந்தான். அதற்கு மறுவருஷமும். பலகைச் சட்டத்தில் பரிசலில் ஏறக் கூடாது என்று எழுதியிருக்கவில்லை. அண்ணன் ஆபீசுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அண்ணி கண்ணசந்த நேரத்தில், அவளை உட்கார வைத்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினான். பரிசல் தட்டாமாலை சுற்றியது. வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்பை அவளே கேட்டு வருஷக்கணக்காகியிருந்தது. இறங்குகிறபோது அவன் துடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அடுத்த தடவ வரும்போது உங்க அண்ணங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலாம்னு இருக்கேங்க. நீங்க வேணாம்னா கேக்கல."

அவர்கள் சனத்தில் அறுத்துக்கட்டுவது, புருஷன் போனவளுக்கு மறுதாலி கட்டுவது, புதிதில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் மருதை அவளுக்கு மாமன் முறைதான். அண்ணன் பட்டணத்துக் காரியதரிசி ஆகிவிட்டார், கொஞ்சம் குதிப்பார், குதித்துவிட்டு அடங்குவார். இதையெல்லாம் ஒரு கணத்தில் நினைத்துவிட்டாள், ஆனால் சொல்ல வாய் வரவில்லை. அண்ணி எழுந்து, குளத்தைப் பார்த்த பின்கட்டுக் கதவைத் திறக்கிற சத்தம் வேறு கேட்டது. "வாங்க, பாத்துக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேடேறிவிட்டாள். அந்த இரண்டு வார்த்தையைப் பிற்பாடு எத்தனை தரம் மென்று பார்த்திருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை.

அந்த வருஷம்தான் பாக்கியநாதன் கிராதி செய்தார். அடுத்த வீட்டுக்காரர், ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வருஷா வருஷம் களையை உள்ளே விட்டுவிட்டுப் பிறகு எடுப்பானேன், வாசலிலேயே நிறுத்தினால் என்ன என்று கேட்டார். கம்பிகளை நெருக்கமாக வைத்து ஒரு கிராதி அடித்து மதகு வாயில் இறக்கினார். வீரமலை சூடம் கொளுத்தினார், பாக்கியநாதன் சிலுவை போட்டுக்கொண்டார். தண்ணீர் உள்ளே போனது, களை வெளியே நின்றது. காலனியே கைதட்டிற்று.

பவுனம்மாளும் தட்டினாள். வீட்டுக்குள் வந்ததும்தான் புரிந்தது. களை இல்லையென்றால் கார்டு இல்லை. கார்டு இல்லையென்றால் அவன் எந்த முகாந்திரத்தில் வருவான்?

ஒரு வருஷம் போயிற்று. குளம் பளபளவென்று கிடந்தது. கரையில் நிற்கிறவர்கள் முகம் அதில் தெரியும். அவளுக்கு அதைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது. ஆடிப் பதினெட்டுக்கு அண்ணியோடு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குப் போனாள். எல்லாரும் காவேரிக்குக் காதோலை கருகமணி விட்டுக்கொண்டிருக்க, இவள் மேற்கே பார்த்தபடி நின்றாள். அந்தத் தண்ணீர் தொட்டியத்துப் படித்துறையைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறது. தண்ணீருக்கு வரத் தெரிகிறது. தூரத்தில் ஒரு பரிசல் தெரிந்தால் போதும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். பக்கத்தில் வந்தால் வேறு எவனோ. அண்ணி கையைப் பிடித்து இழுத்து, என்னடி மரம் மாதிரி நிக்கிறே என்றாள்.

நாமே ஒரு கார்டு எழுதினால் என்ன என்றும் யோசித்தாள். இரண்டாம் கிளாஸ் வரைக்கும் படித்தவள்தான். ஆனால் கார்டு மூடியா போகிறது? படித்துறைக் கடையில் போய் விழும், நாலு பேர் கூட்டிப் படிப்பார்கள். தாலியறுத்தவள் ஓர் ஆம்பளைக்குக் காயிதம் போட்டாள் என்ற பேச்சு காவேரியைவிட வேகமாக வந்து சேரும். எழுதப் போன கை அங்கேயே நின்றுவிட்டது.

இரண்டாவது வருஷம் ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலையில், குடத்தோடு மதகுப் பக்கம் போனாள். கிராதிக்கு வெளியே வெங்காயத்தாமரை அடைத்துக்கொண்டு நின்றது. அதில் ஒன்று பூத்திருந்தது, ஊதாவும் வெள்ளையுமாக. பார்க்க அழகாகத்தான் இருக்கும் அந்தச் சனியன். சுற்றுமுற்றும் பார்த்தாள். குனிந்து ஒரு கொத்தைப் பிடுங்கினாள். வேரிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அதைத் தூக்கி, உள்பக்கத்துத் தண்ணீரில் போட்டாள்.

போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டாள். காய்ச்சலா என்று அண்ணி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்று போட்டது பட்டுப்போய்விட்டால்? மறுநாள் போய் இன்னும் கொஞ்சம் போட்டாள். அதற்கு மறுநாளும்.

அவள் கேட்டது ஒரு மூலை. ஒரு மூலை பச்சை கட்டினால் அண்ணன் கார்டு எழுதுவார், அவன் நாலைந்து நாளில் எடுத்துவிடுவான், குளத்துக்கும் ஒன்றும் ஆகாது. அவள் கணக்கு சரிதான். சங்கம் என்ற ஒன்று இருப்பதைத்தான் அவள் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டாள்.

களையைக் கண்டதும் வீரமலை கூட்டம் போட்டார். கார்டு எழுதினாரா என்றால் இல்லை. முதலில் யார் குற்றம் என்று தெரிந்தாக வேண்டுமாம். கிராதி இருக்கும்போது களை எப்படி வரும்? கம்பி இடைவெளி அதிகம் என்றார் ஒருவர். பாக்கியநாதன் ஒர்க்‌ஷாப் கழிவில் அடித்த கம்பி, அதன் லட்சணம் அப்படித்தான் என்றார் இன்னொருவர். பாக்கியநாதன் எழுந்து போய்விட்டார். அடுத்த கூட்டத்தில் மருந்து அடிக்கலாமா என்று பேசினார்கள். அதற்கடுத்ததில், ஸ்ரீரங்கத்திலிருந்து யானையைக் கொண்டுவந்து இறக்கினால் தின்றுவிடாதா என்று ஒரு பெரிய மனிதர் கேட்டார், அதையும் ஒரு மணி நேரம் பேசினார்கள். களை கூட்டத்துக்கெல்லாம் வரவில்லை. அது பாட்டுக்குப் பெருகிற்று.

தை முடிவதற்குள் குளத்தில் பாதி மறைந்துவிட்டது. தண்ணீர் கறுத்தது, நாறியது. மீன் செத்து மிதந்தது. காலனிப் பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு புத்தூர் வரைக்கும் நடந்தார்கள், பவுனம்மாளும் நடந்தாள். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி பாதி வழியில் குடத்தை இறக்கிவிட்டு மூச்சு வாங்கியபோது, அவள் குடத்தையும் வாங்கித் தூக்கிக்கொண்டு வந்தாள். எத்தனை குடம் தூக்கினால் செய்தது தீரும்?

பாக்கியநாதன் ஒரு நாள் டேப்பை எடுத்துக்கொண்டு மதகில் இறங்கினார். ஒவ்வொரு கம்பியாக அளந்தார். கரையேறி வந்தவர் முகம் செத்திருந்தது. "எஞ்சினுக்கு வேல செய்யற கை, தங்கச்சி. இதுல எலிகூட நுழையாது. எப்படி வந்துச்சுன்னு எனக்கே புரியல" என்றார். நான்தான் அண்ணே என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் மானம் போகும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். ஆனால் கார்டு நின்றுபோகும். அதைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியாது. விழுங்கிவிட்டாள்.

மாசி கடைசியில்தான், குளம் முக்காலும் மூடியபிறகு, வீரமலைக்கு மருதை ஞாபகம் வந்தது. கார்டை எழுதிக் கொடுத்து, தபால் பெட்டியில் போட்டுவிட்டு வா என்றார். புத்தூர் நாலு ரோடு வரைக்கும் பவுனம்மாளின் கால் தரையில் பாவவில்லை.

மதகடியில்தான் தினமும் குடத்தோடு காத்திருந்தாள். ஒரு முற்பகலில் வாய்க்கால் வளைவில் பரிசல் தெரிந்தது. இந்தத் தடவை வேறு எவனோ இல்லை. பார்த்ததும் கண்ணில் தண்ணீர் முட்டியது, அதைத் துடைக்கக்கூட இல்லாமல் சிரித்தாள். மருதை பரிசலைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு அவளைப் பார்த்துக் கும்பிட்டான். பிறகு கரைமேல் ஏறிக் குளத்தைப் பார்த்தான். கரைக்குக் கரை பச்சை, அதன்மேல் ஊதாப் பூ. பரிசலை இறக்கத் தண்ணீர் எங்கே இருக்கிறது?

இது பரிசல் வேலை இல்லை என்றான். கோடையில் குளத்தை வடித்துவிட்டு, காய்ந்தபிறகு ஆள்விட்டு வெட்ட வேண்டும், வேறு வழியில்லை. பிறகு கிராதிப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தான். கம்பி கல் மாதிரி நிற்கிறதே, இதைத் தாண்டி எப்படி உள்ளே வந்தது என்று கேட்டான்.

"நான்தான் போட்டேன்" என்றாள் பவுனம்மாள்.

அவன் நிமிர்ந்தான்.

"கம்பி போட்டப்பறம் களையே வரல. உங்களக் கூப்பிட ஒரு காரணமும் இல்ல. நான்தான் எடுத்து உள்ள போட்டேன்."

மருதை பரிசல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்தில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

"வாங்க பாத்துக்கலாம்னீங்க. கார்டு வரும் வரும்னு ரெண்டு வருஷம் இருந்தேங்க. வரல. உங்க அண்ணங்கிட்ட சொல்லியிருப்பீங்க, அவரு வேணாம்னுட்டாரு, அதான் வேற ஆள வச்சு எடுக்கறாங்கன்னு நெனச்சுட்டேன்." துடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "தை மாசம் கல்யாணம் ஆயிருச்சுங்க. முசிறிப் பொண்ணு."

தை மாசம். அவள் போட்ட களை அப்போது பாதிக் குளத்தை மூடியிருந்தது. சங்கத்தார் யானையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பவுனம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நல்லா இருங்க என்பதுதான் வந்தது. சொல்லிவிட்டு, குடத்தை எடுக்கத் தெரியாமல் அங்கேயே நின்றாள்.

தகவல் கிடைத்ததும், சாயங்காலம் வரைக்கும் காத்திராமல், வீரமலை ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு ஓடிவந்தார். பாக்கியநாதனும் வந்தார், இன்னும் நாலு பேரும் சேர்ந்தார்கள். களை எப்படி வந்திருக்கும், நீ சொல்லப்பா என்று எல்லாரும் மருதையைச் சூழ்ந்துகொண்டார்கள். பவுனம்மாள் வேலியோரம் நின்றாள். சொல்லட்டும், சொன்னால் நல்லது என்றுதான் அவளுக்கு இருந்தது.

"நாரைங்க" என்றான் மருதை. "நாரை கால்ல ஒட்டிக்கிட்டு வரும். அதுக்கு எந்தக் கம்பியும் தாங்காது. கிராதியில ஒரு குத்தமும் இல்ல."

பாக்கியநாதன் தலை நிமிர்ந்தது. அவனைக் கட்டிக்கொள்ளாத குறை. நாரைகள்மேல் என்ன நடவடிக்கை எடுப்பது என்று வீரமலை அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

வந்த மனிதன் சும்மா திரும்பவில்லை. பரிசலைக் கரையில் கவிழ்த்துவிட்டு, சட்டையைக் கழற்றி அதன்மேல் போட்டான். வீரமலை வீட்டுப் பின்கட்டுப் படிக்கு நேராகத் தண்ணீரில் இறங்கினான். கெட்டுப்போன தண்ணீர்தானே, கலங்கினால் என்ன என்று வீரமலையும் விட்டுவிட்டார். இடுப்பளவு தண்ணீரில் நின்று, கையாலேயே பிடுங்கிப் பிடுங்கிக் கரையில் எறிந்தான். பவுனம்மாள் அதை வாரி மேட்டில் போட்டாள். அண்ணி பின்கட்டுக் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன தெரிந்ததோ, அன்றைக்கு மட்டும் பவுனம்மாளை ஒரு வேலைக்கும் கூப்பிடவில்லை.

பொழுது சாய்கிறபோது ஒரு முற்றத்தளவுக்குத் தண்ணீர் தெரிந்தது. சுற்றிலும் பச்சை, நடுவில் அது. அவ்வளவுதான் முடிந்தது என்றான். கூலி வேண்டாம் என்றுவிட்டான். பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வரேங்க என்று சொல்லிவிட்டு வாய்க்கால் கரையோடு மேற்கே நடந்தான். வரேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் எல்லாரும் வருகிறார்களா என்ன.

மறுநாள் காலையில் பவுனம்மாள் போய்ப் பார்த்தபோது, அந்தத் தண்ணீரின் ஓரத்தில் நாலு இலை உள்ளே நகர்ந்திருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிப் பிடுங்கி எறிந்தாள். அதற்கு மறுநாளும் நகர்ந்திருந்தது, அன்றும் இறங்கினாள். பொழுது சாய்கிறவரைக்கும் நின்று அவன் அவளுக்காகச் செய்த வேலை அது ஒன்றுதான். அதை மூடவிட அவளுக்கு மனசு வரவில்லை. இத்தனை நாள் களை வராதா என்று கிடந்தவள், இப்போது ஓர் இலை நகர்ந்தால் பதறினாள்.

வீரமலைக்குப் பெருமை தாங்கவில்லை. கூட்டத்தில் எழுந்து நின்று, குளத்தின்மேல் அக்கறை என்றால் என் தங்கச்சியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பேசினார். பாக்கியநாதன் அவளுக்கென்று கொக்கிவைத்த கம்பி ஒன்று செய்து கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு, உங்க கிராதியில ஒரு நாளும் குத்தம் இருந்ததில்லண்ணே என்றாள். அதான் பரிசக்காரர் சொல்லிட்டாரே என்று அவர் சிரித்தார்.

சித்திரையில் வாய்க்காலை அடைத்தார்கள். குளத்தை வடித்துவிடுவது என்று சங்கம், அதிசயமாக, ஒரே கூட்டத்தில் முடிவு செய்துவிட்டது. மறுநாள் காலை வீரமலை ஆபீசுக்குக் கிளம்பிப் பின்கட்டுப் பக்கம் வந்தபோது, பவுனம்மாள் முழங்கால் தண்ணீரில் நின்று கொக்கியால் ஓரத்துக் களையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழம வடிகாலத் தொறந்துட்டா தண்ணியே இருக்கப் போறதில்ல. இன்னும் எதுக்கு பவுனு இதைப் போட்டு இழுத்துக்கிட்டுக் கெடக்கறே?" என்றார் வீரமலை.

அவள் திரும்பவில்லை. கையில் வந்த கொத்தைக் கரையில் எறிந்துவிட்டு, அடுத்ததைக் கொக்கியில் மாட்டினாள்.

"அதுவரைக்காவது இருக்கட்டும்ணே."